நீர்யானை வாய்க்கு வசனம்

இடது கையின் கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஒரு அலகைப் போலத் திறக்கின்றன, மூடுகின்றன. திறப்பு, திறப்பு, மூடல், பிறகு ஒரு நீண்ட திறப்பு. எதிரே சிறிய திரையில் ஓசையில்லாமல் ஒரு நீர்யானை வாயை அசைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தே கை அசைகிறது. வலது கை தாளில் ஒரு சொல்லை எழுதுகிறது, அடிக்கிறது, வேறொன்றை எழுதுகிறது. பிறகு ஒரு விசையைத் தட்டி நீர்யானையைப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் பேசவைக்கிறது. வாய் மூடும் இடத்தில் 'ம' வரவேண்டும், இல்லாவிட்டால் 'ப'. உதடு ஒட்டாமல் இந்த இரண்டையும் சொல்ல முடியாது. உதடு ஒட்டும்போது இவற்றை விட்டால் வேறெதையும் சொல்ல முடியாது. இந்த ஒரே ஞானத்தை வைத்துக்கொண்டு அந்தக் கைகள் ஒரு குடும்பத்தை நடத்தி, ஒரு மகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தும் விட்டன.

இந்த முறை திரையில் இருப்பது வெளிநாட்டு நீர்யானை அல்ல. அவருடைய சொந்தப் படத்தின் நீர்யானை. அதன் வாயை இப்படி அசையும்படி வரையச் சொன்னவரும் அவரே. என்ன பேசுவதற்காக அசைகிறது என்பதுதான் அவருக்கும் தெரியாது.

ஒரு மனிதர் எப்படி இந்த நிலைக்கு வந்து சேர்வார் என்றால், ஒழுங்காக உழைத்துத்தான்.

தொழிலில் அவரை 'ஆமாமா' என்பார்கள். முகத்துக்கு நேரே 'ஆமாமா சார்' என்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். பெயர் வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் பெருமைப்படத் தக்கவை அல்ல.

முதல் காரணம் ஒரு கரடி. இளவயதில் அவர் டப்பிங் கூடத்தில் சேர்ந்தபோது வேலை, வசனங்களை அழகான கையெழுத்தில் படியெடுத்துக் கொடுப்பது. அக்காவின் சிபாரிசில் கிடைத்த வேலை. அக்கா அங்கே ஏற்கெனவே குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்: நாய்க்குட்டி, பூனைக்குட்டி, தொட்டிலில் அழும் குழந்தை, ஆள் வராத நாளில் கிறீச்சிடும் கதவு. வசனம் எழுதியவர் தன்னைக் கவிஞர் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவர். கோட்டுப் போட்ட வெளிநாட்டுக் கரடி ஒன்று ஏணியிலிருந்து விழும். இவர் அதன் வாயில் அடுக்குமொழியைத் திணிப்பார். கரடி வாயை மூடி, எழுந்து, தூசி தட்டி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் யாரோ அதைச் சுட்டிக்காட்ட, கவிஞர் பேனாவை மேசையில் எறிந்துவிட்டுப் போனார். பேனாவைப் பொறுக்கி எடுத்தவர் நம் ஆள்.

அன்றைக்குக் கரடி பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகும் அதன் வாய் வீணாக நாலைந்து முறை திறந்து மூடியது. வெளிநாட்டு மொழியில் அங்கே ஏதோ இருந்திருக்கும். இவர் 'ஆமாமா, ஆமாமா' என்று எழுதிவைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதன் பிறகு கரடி எதற்கெடுத்தாலும் 'ஆமாமா' என்றது. விழுந்தாலும் ஆமாமா, தேனீ கொட்டினாலும் ஆமாமா. ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதைக் கேட்டே வளர்ந்தன. அவற்றில் சில இன்றைக்குப் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கேயும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது காரணம், தனக்கு மேலே இருந்த எவரிடமும் அவர் வேறு எதையும் சொன்னதில்லை.

இந்தப் பழக்கம் கூடத்தில் வந்ததல்ல, வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. ஒரு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட அந்த வீட்டில் அம்மா, அக்கா, இவர் மூவரும் இருந்தார்கள். அக்கா நாய்க்குட்டிக்குக் குரல் கொடுத்து முதல் சம்பளம் வாங்கி வந்த அன்று அம்மா, "பொண்ணு என்ன வேலைக்குப் போறான்னு கேட்டா நான் என்ன சொல்ல? குரைக்கப் போறான்னா?" என்று கேட்டாள். அக்கா பதிலுக்கு வாசல் வரை கேட்கும்படி குரைத்துக் காட்டினாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா தனியாக ஒரு அடுப்பு வைத்துக்கொண்டாள். மகள் சமைத்ததைத் தொடமாட்டாள்.

ஒரு கை தூரத்தில் இருந்த இரண்டு பெண்களுக்கு இடையே இவர் தூது போனார். "உங்க அக்காகிட்ட சொல்லு, விளக்க அணைச்சுட்டுத் தொலையச் சொல்லு" என்பாள் அம்மா. இவர் திரும்பி, "அக்கா, உனக்குக் கண்ணு வலிக்குமாம். போதும்னா விளக்க அணைச்சுடேன்னு அம்மா சொல்றாங்க" என்பார். அக்கா ஒரு வார்த்தை சொல்வாள். அது போய்ச் சேரும்போது வேறாக இருக்கும். ஆள் வேறு, வாய் வேறு, சொல் வேறு என்ற தொழிலை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னால்தான் அது நடந்தது என்று அவர் முடிவுசெய்தார். அதைப் பற்றி எவரிடமும் கேட்கவில்லை. தன் வாழ்க்கையில் எழுதியவற்றில் அதுவே சிறந்த வசனம் என்ற எண்ணத்தோடு தலைநரைக்கும் வரை நடமாடினார்.

கரடி ஓய்வுபெற்றபோது அவர் சுயாதீனத் தயாரிப்பாளர் ஆனார். சுயாதீனம் என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரே பொருள்தான்: திட்டு வாங்கும்போது பக்கத்தில் பங்காளி இருக்கமாட்டார். கண்ணாடி அறுக்கும் கடைக்கு மேலே ஒரு மாடி அறையைப் பிடித்தார். கீழே கண்ணாடி அறுத்தால் மேலே பல் கூசும். படம் வரைய ஒரு கலைஞரைச் சேர்த்துக்கொண்டார். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் அவருக்கு 'ரப்பர்' என்று பெயர். சம்பளத்தைக்கூடச் சந்தேகத்தோடு வாங்குகிறவர்.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அரசுத் துறைகள். அவர்களுக்குப் பேசாத பொருள்கள் எல்லாம் பேச வேண்டும். பல் பேசியது. பல்பு பேசியது. மூடாமல் விட்ட தண்ணீர்க் குழாய் அழுதுகொண்டே பேசியது. கை கழுவுவதைப் பற்றிய படத்துக்கு ஒரு கிருமி தேவைப்பட்டது. அதற்கு மீசை வைத்திருந்தார்கள். படத்தை அலசி ஆராய ஒரு குழு கூடியது.

"கிருமிக்கு மீசை வேண்டாம். மீசை வெச்சிருக்கறவங்க வருத்தப்படுவாங்க."

"ஆமாமா சார்."

"ஆனா பார்த்தவுடனே கெட்டவன்னு தெரியணும்."

"ஆமாமா."

"பயமா இருக்கணும். அதே சமயம் குழந்தைங்க பயந்துடக் கூடாது."

"ஆமாமா சார், அதேதான்."

கடைசியில் கிருமி வழவழவென்று, புருவமும் மீசையும் இல்லாமல், மாவில் பிடித்த உருண்டைபோல வந்தது. குழந்தைகளுக்கு அதைத்தான் பிடித்தது. சோப்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல் படத்துக்கு மட்டும் ஒரு விருது கிடைத்தது. மேடையில் விருதை வழங்கியவர், "பல் மருத்துவத் துறைக்கு நீங்கள் ஆற்றிய தொண்டு" என்று பேசினார். இவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பள்ளியில் கணக்கு டீச்சரான அவர் மனைவி ஒரு நாள் காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்க புண்ணியத்துல குழாய்கூடப் பேசுது. நீங்க எப்பதான் பேசப்போறீங்க?"

அது உறைத்திருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவர் சொந்தமாக ஒரு கதை எழுதினார். ஒரே குளத்தில் அம்மா நீர்யானையும் மகள் நீர்யானையும் இருக்கிறார்கள். மகள் தவளைகளோடு சேர்ந்து கத்தப் பழகிவிட்டாள். மானம் போயிற்று என்று அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். இருவர் முதுகிலும் மாறி மாறி உட்காரும் ஒரு கொக்கு, நடுவில் தூது போகிறது. கதை எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டால், "கற்பனை" என்பார்.

குழந்தைகள் சேனலின் நிகழ்ச்சித் தலைவியிடம் கதையைச் சொன்னார். அந்த அம்மையாரை அலுவலகத்தில் எல்லோரும் 'மேடம்' என்பார்கள். அவர் ஒரு கதையைக் கேட்கும் நேரத்தில் மூன்று தொலைபேசி அழைப்புகளைக் கேட்கக் கூடியவர்.

"கடைசியில பேசிடறாங்களா?" என்று கேட்டார் மேடம்.

"பேசிடறாங்க மேடம்."

"அம்மா என்ன சொல்றாங்க? அதானே படமே."

"அது... நல்லா வரும் மேடம்."

"ஒரு மெசேஜ் இருக்கணும். பார்க்கற அம்மாங்க கண் கலங்கணும். நீளமாவே பேசட்டும். அந்தப் பேச்சு இல்லைன்னா எனக்கு இந்தப் படம் வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்."

"ஆமாமா மேடம்."

இனி வருவதுதான் இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் மட்டுமே செய்யக் கூடிய தவறு. கார்ட்டூன் படத்தில் முதலில் வசனம் எழுதுவார்கள், பிறகு குரலைப் பதிவுசெய்வார்கள், அந்தக் குரலைக் கேட்டுத்தான் வாயை வரைவார்கள். இவர் வசனம் எழுத உட்கார்ந்தார். ஒரு வாரம் தாள் வெள்ளையாகவே கிடந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வரைந்த வாயைப் பார்த்து எழுதியவருக்கு, வாய் இல்லாமல் வார்த்தை வரவில்லை. ரப்பரைக் கூப்பிட்டார்.

"வாயை வரைஞ்சுடுங்க. பேசற மாதிரி இருந்தாப் போதும். என்ன பேசறாங்கங்கறத நான் அப்புறம் பார்த்துக்கறேன்."

ரப்பர் கையிலிருந்த அழிப்பானைக் கீழே வைத்தார். "சார், முதல்ல குரல், அப்புறம்தான் வாய். உலகம் பூரா அப்படித்தான் செய்யறாங்க."

"உலகத்த விடுங்க. எனக்கு வாய் தெரிஞ்சாத்தான் எழுத வரும்."

"அப்ப நம்ம படத்துக்கு நாமளே டப்பிங் பண்ணப்போறோமா?"

"அப்படி ஏன் சொல்றீங்க?"

"வேற எப்படி சார் சொல்றது?"

வரைந்தார்கள். ஒரு மணி நேரப் படம் முழுக்க இரண்டு நீர்யானைகள் எதையோ பேசின. கடைசிக் காட்சியில் அம்மா நீர்யானை மகளைப் பார்த்து நெடுநேரம் பேசினாள். மேடம் கேட்டபடி நீளம் குறையாமல் பேசினாள். பிறகு இவர் கையை அலகாக்கிக்கொண்டு அவற்றின் வாயில் சொற்களை அடைக்க உட்கார்ந்தார். நடுக்காட்சிகளை எப்படியோ ஒப்பேற்றினார். மிச்சமிருந்த வாயசைவுகளில் எல்லாம் 'அப்படியாப்பா', 'ஆமாமா', 'எப்பப் பாரு' என்று பழைய சரக்கை நிரப்பினார். கடைசிக் காட்சி மட்டும் அவரிடம் மடங்கவில்லை. அதற்கு அவர் எழுதிய பக்கங்களைப் பார்த்திருந்தால் அந்தப் பழைய கவிஞர் சந்தோஷத்தில் துள்ளியிருப்பார்.

படத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் குரல் ஒருவர்தான்: அக்கா. வயது அறுபதைத் தொட்டும் ஏழு வயதுப் பையனாகப் பேசக் கூடியவள். அந்தக் கர்வம் அவளிடம் உண்டு. டப்பிங் கூடத்துக்குள் நுழையும்போது நாற்காலியை இழுத்துப் போட ஆள் வரும் வரை நின்றுகொண்டிருப்பாள். படத்தின் முதல் பாதியைப் பேசிக் கொடுத்தாள், இரண்டாம் பாதியையும் முகத்தைச் சுளித்தபடி பேசிக் கொடுத்தாள். கடைசிக் காட்சி வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியரும் இவரும், அந்தப் பக்கம் மைக்கின் முன் அக்கா. அவள் தாளைத் தூக்கிப் பிடித்து வாய்விட்டுப் படித்தாள்.

"'மகளே, மனம் போல... அம்மா எப்பவும்மா... பாவம்மா... அப்பப்பா... மன்னிப்பும்மா...' என்னடா இது? உதட்டுல பசையத் தடவிக்கிட்டுப் பேசணுமா?"

"வாயசைவு அப்படி இருக்குக்கா. மூடி மூடித் திறக்குது."

"அது மூடித் திறக்கறதுக்கு நான் என்ன பண்ண? அம்மா எப்படா மன்னிப்புக் கேட்டாங்க?"

"இது கதைக்கா. அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"ஓகோ. ஒரே குளம். ஒண்ணு குரைக்கறதுக்குப் பதிலா தவளை மாதிரி கத்துது. நடுவுல தூது போற கொக்கு, கழுத்த நீட்டிக்கிட்டு எல்லாருக்கும் தலையாட்டுது. நிஜமாவே கற்பனைதான்."

சவுண்ட் என்ஜினியர் சிரிப்பை இருமலாக மாற்றினார். இவர் மைக் பொத்தானை அழுத்தியபடி கெஞ்சினார். "அக்கா, ஒரு டேக் குடுத்துடு. இந்தப் பேச்சு இல்லைன்னா மேடம் படத்த எடுக்க மாட்டாங்க. வேற குரலும் போட முடியாது. படம் பூரா உன் குரல்தான் இருக்கு. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு படம்தான்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். உன் கரடியா இருந்தா நான் வாயே திறக்காம பேசிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்." அவள் தாளை இரண்டாக மடித்தாள். "அம்மா சொன்னதா ஒரு வருஷம் என்கிட்ட வந்து என்னென்னமோ சொன்னியே, அது எதுவும் அம்மா சொன்னது இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். அவங்க ஜென்மத்துல 'தயவுசெஞ்சு'ன்னு சொன்னதில்ல. நான் சொன்னத நீ என்ன ஆக்கிச் சொன்னேன்னும் பக்கத்துலயே இருந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்? ஒரே அறைதானேடா."

இவருக்குக் காது சிவந்தது. "இருந்தாலும் அதனாலதானே நீங்க பேச ஆரம்பிச்சீங்க?"

அக்கா அவரைக் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"அப்படியா நெனச்சுக்கிட்டிருந்தே, இத்தனை நாளா?"

"பின்ன?"

"நீ அன்னிக்கு வேலைக்குப் போயிருந்தே. நான் சீக்கிரம் வந்துட்டேன். உள்ள வந்து பார்த்தா அம்மா என் அடுப்புப் பக்கம் உக்காந்திருக்காங்க. என் சட்டியத் திறந்து வெச்சுக்கிட்டு சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. என்னைப் பார்த்தாங்க. நிறுத்துவாங்கன்னு நெனச்சேன். நிறுத்தல. என்னைப் பார்த்துக்கிட்டே மென்னாங்க, மென்னாங்க, அப்படி மென்னாங்க. நானும் ஒரு தட்ட எடுத்துக்கிட்டு பக்கத்துல உக்காந்தேன். அவ்வளவுதான்."

"எதுவுமே சொல்லலையா?"

"மறுநாள் சொன்னாங்க. உப்பு பத்தலைன்னு."

இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதராக இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். இவர் தன் தாளைப் பார்த்தார். ஒரு வருடம் சுமந்து போன வார்த்தைகளை யாரும் வாங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆயுளில் பாதிக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கு வந்தது துக்கமா அவமானமா என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு அவர் தன்னைப் பற்றி ஒருபோதும் எழுதியதில்லை.

என்ஜினியர் திரையை நிறுத்த மறந்திருந்தார். அம்மா நீர்யானை ஓசையில்லாமல் வாயை அசைத்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து அசைக்கத் தொடங்கியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று மைக்கைத் தட்டினாள்.

"டேய், இங்க பாரு. அது பேசவே இல்லடா."

"என்ன?"

"தாடை பக்கவாட்டுல போகுது பாரு. பேசற வாய் எங்கடா பக்கவாட்டுல போகும்? அது மெல்லுது!"

மூவரும் பார்த்தார்கள். திறந்தது, மூடியது, கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்ந்து திரும்பியது. என்ஜினியர் ரப்பருக்கு ஃபோன் போட்டு ஒலிபெருக்கியில் விட்டார்.

"சார், நீங்க என்ன பேசறாங்கன்னு சொல்லல," என்று ரப்பரின் குரல் பதற்றத்தோடு வந்தது. "நீர்யானைக்கு நான் எங்க போவேன்? எதிர்வீட்டுல பால்காரரோட மாடு கட்டியிருந்தது. அதோட வாயைப் பார்த்து வரைஞ்சேன். தப்பா? அழிச்சுடவா?"

"அழிச்சா உன்னைக் கொன்னுடுவேன்," என்றாள் அக்கா.

பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. அம்மாவின் வாய்க்கு முன்னால் நீர்ப்பாசிக் கொத்து ஒன்றை வரையச் சொன்னார்கள். மகள் பறித்துவைத்த கொத்து, அதுவரை அம்மா முகம் திருப்பிக்கொண்டிருந்த கொத்து. ரப்பர் அதை வரைந்தார், நான்கு முறை அழித்தார், ஐந்தாவதாக வரைந்தார். அக்காவுக்கு மென்று காட்ட முட்டைக்கோஸ் வாங்கி வந்தார்கள். அவள் அதையும் ஒரு குறை சொல்லாமல் விடவில்லை. தண்டு முற்றல், நீர்யானைக்குக்கூட இறங்காது என்றாள். மைக்குக்கு மிக அருகில் மெல்ல வேண்டாம் என்று கெஞ்சிய என்ஜினியரிடம், "நான் குரைக்க ஆரம்பிச்சப்போ நீ பொறக்கவே இல்ல" என்றாள். பலமுறை மென்றாள். ஒரு முறை ருசித்து மென்றுவிட்டாள், அதை வேண்டாம் என்று தானே தள்ளினாள். வீம்பு குறையாமல், அதே சமயம் நிறுத்தாமல் மெல்ல வேண்டும் என்பது அவள் கணக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கு எதுவும் எழுத வேலையில்லை. அந்தக் காட்சியின் தாளில் அவர் எழுதிய ஒரே சொல் 'மெல்லுகிறாள்'. உதடு ஒட்டும் எழுத்தில்தான் தொடங்கினார், பழக்கதோஷம்.

அதோடு விடாமல் மற்ற காட்சிகளுக்கும் திரும்பிப் போனார். அவருடைய நல்ல குணம் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பிடிவாதம்தான். 'அப்படியாப்பா'வைத் தூக்கிவிட்டு அங்கே கொட்டாவி வைத்தார். 'எப்பப் பாரு' இருந்த இடத்தில் அம்மா நீர்யானை சேற்றைக் கொப்பளித்தாள். 'ஆமாமா' எல்லாம் மெல்லும் ஓசையாயின. முடிவில் அம்மா படம் முழுக்க மகளின் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் எதையாவது மென்றுகொண்டே இருந்தாள்; கொக்கு மட்டும் விடாமல் பேசியது. பார்க்கிறவர்களுக்கு அந்தக் கொக்கின் மேல் எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் சரிதான் என்று அக்கா சொன்னாள். பெயர்ப் பட்டியலில் 'குரல்' என்பதற்குக் கீழே தனக்குத் தனியாக ஒரு வரி வேண்டும், அதில் 'மெல்லுதல்' என்று இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். வைத்தார்கள்.

படத்தைக் கொடுக்கும் நாளில் அக்கா அழையாமலே கூட வந்தாள். மேடத்தின் அறையில் குளிர் அதிகம். சுவரில் சிரிக்கும் பொம்மைகளின் படங்கள். மேடம் கடைசிக் காட்சியை மட்டும் போடச் சொன்னார். படத்தை முழுக்கப் பார்ப்பதற்கு அவருக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் பார்ப்பார்கள். இவர் அந்தக் காட்சியை மட்டும் மேடத்தின் கணினியில் ஏற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டுக் கட்டி மேசையில் வைத்தார்.

குளத்தில் மாலை வெயில். மகள் வாயில் கவ்விய நீர்ப்பாசியைக் கரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். அம்மா வருகிறாள். முகர்ந்து பார்க்கிறாள். கவ்வுகிறாள். மகளைப் பார்த்துக்கொண்டே மெல்கிறாள். கொக்கு ஏதோ சொல்ல அலகைத் திறக்கிறது. இருவரும் அதைத் திரும்பிப் பார்க்க, மூடிக்கொள்கிறது. அம்மா மென்றுகொண்டே இருக்கிறாள்.

"டயலாக் டிராக் வரலையே?" என்றார் மேடம்.

"வருது மேடம். மெல்லற சத்தம்தான்."

"அப்ப பேச்சு?"

"இல்ல."

"மெசேஜ்?"

"சாப்பிடறாங்க மேடம். மக குடுத்தத."

மேடம் தன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அவரைத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். "நான் அன்னிக்கே சொன்னேன். குழந்தைகளுக்குப் புரியாது. சரி, ஒண்ணு பண்ணுங்க. கீழ எழுத்துல போட்டுடுங்க. 'தாய் மனம் மாறிவிட்டது' அந்த மாதிரி."

"நீங்க சாப்பிடும்போது கீழ எழுத்து ஓடுதாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

மேடம் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"ரெண்டு நீர்யானையும் இவங்கதான் மேடம்."

இவர் மேசையில் இருந்த பையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.

"எழுத்துப் போட மாட்டேன் மேடம். இப்படியே வேணும்னா எடுத்துக்கங்க. இல்லைன்னா நான் கொண்டுபோயிடறேன்."

"கொண்டுபோய்?"

"தெரியல."

உண்மையாகவே தெரியாது. கொண்டுபோக அவருக்கு வேறு இடம் இல்லை. இது மேடத்துக்கும் தெரியும். ஆனால் மேடத்துக்கு வேறொன்றும் தெரியும்: ஞாயிறு காலைக்கு என்று பேசிவைத்திருந்த பேசும் ரயில் படம் வரவில்லை, அந்த நேரத்தில் திரையில் போட ஒன்றுமில்லை. கலைக்கு இந்த உலகத்தில் இடம் கிடைப்பது பெரும்பாலும் இப்படி யாரோ ஒரு ரயிலைத் தவறவிடுவதால்தான். மேடம் காட்சியை மறுபடி ஓடவிட்டார். இந்த முறை தொலைபேசி கவிழ்ந்தே கிடந்தது. அம்மா நீர்யானை மென்று முடிக்கும் வரை பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை போடறோம். ஓடலைன்னா என்னைக் கேட்காதீங்க."

"கேட்க மாட்டேன் மேடம்."

"டிஸ்க்க மட்டும் குடுங்க. பை வேண்டாம்."

மனைவி தைத்துக் கொடுத்த துணிப்பையின் வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சை அவிழ்க்க அவருக்குக் கொஞ்சம் நேரமானது. மேடம் கையை நீட்டியபடியே காத்திருந்தார். அவர் டிஸ்க்கை வெளியே எடுத்து, சட்டையில் ஒரு முறை துடைத்து, அந்தக் கையில் வைத்தார்.